கொள்ளிவாய்ப் பிசாசும் பச்சைத் தொட்டியும்

கன நாளாக எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டே போன விடயம் இது. விடயம் குப்பை. குப்பையைப் பற்றி எழுத என்ன கிடக்கு என்று கேட்பீர்கள். நிறையக் கிடக்கு.

சுவிசில் நாங்கள் சமைத்து மிஞ்சியதும், தோல் சீவிக் கழித்ததும் ஒரு இடத்துக்குப் போய் வாயுவாகிறது. அந்த வாயு வீட்டைச் சூடாக்குகிறது, மின்சாரம் தருகிறது, வாகனமும் ஓட்டுகிறது. பயோகாஸ் என்பார்கள், தமிழில் உயிரிவாயு. இதைப் பார்த்துவிட்டு, "இந்த மெசினில ஒண்டைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில வைச்சால் குப்பைப் பிரச்சினையும் முடிஞ்சுது, கரண்ட் பிரச்சினையும் முடிஞ்சுது" என்று நம்மவர்கள் சொல்வதை எத்தனையோ கல்யாண வீடுகளில் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நாட்டில் அது எப்படி வந்தது என்று பார்த்தால், மெசின் பாதிக் கதைதான். மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

சின்ன வயதில் எங்களை வீட்டுக்குள் அடக்கி வைக்க அம்மம்மாமார் வைத்திருந்த ஆயுதங்களில் ஒன்று கொள்ளிவாய்ப் பிசாசு. இருட்டில் சதுப்பு நிலத்தில், வயல் கரையில் நெருப்புத் தெரியும், கிட்டப் போனால் விலகிப் போகும் என்பார்கள். ஐரோப்பாவிலும் இதே கதை வேறு வேறு பெயர்களில் இருக்கிறது. சேற்றுக்குள் இலை குழை அழுகும்போது வருகிற வாயுவோடு சேர்த்துத்தான் பலரும் இதை விளக்குகிறார்கள்.

அந்த வாயுவை முதலில் போத்தலில் பிடித்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். 1776 நவம்பரில், மஜோரே ஏரியின் கரையில் அங்கேரா என்ற ஊரில், நாணல் வளர்ந்த சேற்றைத் தடியால் கிண்டி, மேலே வந்த குமிழிகளைப் போத்தலில் பிடித்தார். நெருப்பு வைத்தார், நீல நிறமாக எரிந்தது. இப்போது மீதேன் என்று நாங்கள் சொல்லும் வாயு அதுதான். அங்கேரா இத்தாலியில் இருக்கிறது. அதே ஏரியின் வடக்குப் பகுதி சுவிசின் ரிச்சினோ மாநிலத்துக்குள் வருகிறது. லொக்கார்னோவுக்குச் சுற்றுலா போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்த நம்மவர்கள் எல்லாரும் பார்த்த ஏரி.

வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களும் அவற்றின் கூட்டாளிகளும். தோசைமா புளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உழுந்தையும் அரிசியையும் ஆட்டி வைத்தால் மிச்ச வேலையை அதுகளே பார்த்துக்கொள்ளும், சூடு மட்டும் போதுமான அளவு இருக்கவேண்டும். உயிரிவாயுவிலும் அப்படித்தான். ஒரு கூட்டம் சாப்பாட்டுக் கழிவை உடைத்துப் புளிக்கவைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீதேன் விடும். காற்றுப் படக்கூடாது, பட்டால் இரண்டாவது கூட்டம் செத்துப்போகும். முதல் கூட்டம் வேகமானது, இரண்டாவது மெதுவானது. அளவுக்கு மிஞ்சிக் கழிவைக் கொட்டினால் அமிலம் கூடி எல்லாம் நின்றுவிடும். எங்கள் வயிறு மாதிரித்தான் என்று வையுங்கோவன்.

1890களில் இங்கிலாந்தின் எக்சீற்றர் நகரத்தில் டொனால்ட் கமரோன் என்ற பொறியியலாளர் கழிவுநீர்த் தொட்டியில் வந்த வாயுவைக் கொண்டு விளக்கு எரித்தார். இந்தியாவில் சாணி வாயுத் தொட்டிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கிராமங்களுக்குப் போயின. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சுவிஸ் கமக்காரர்களும் மாட்டுச் சாணியில் வாயு எடுத்துப் பார்த்தார்கள். ஆகவே தொழில்நுட்பம் என்பது பழைய சாமான். புதிதாக இருந்த கேள்வி வேறு. சாணி ஒரே மாதிரியான பொருள், இன்றைக்கும் சாணி, நாளைக்கும் சாணி. நகரத்துக் குப்பை அப்படியா? வாழைப்பழத் தோலுக்குள் பற்றரி கிடக்கும், கோப்பித் தூளுக்குள் கரண்டி கிடக்கும், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பை சுற்றிக்கொண்டு கிடக்கும். இதை எந்தப் பற்றீரியா தின்னும்?

சுவிஸ்காரர் இந்தக் கேள்விக்கு முதலில் மெசினால் பதில் சொல்லவில்லை, சட்டத்தாலும் காசாலும் சொன்னார்கள். 1975 இல் சென் கேலன் நகரம் குப்பைப் பைக்குக் கட்டணம் வைத்தது. எவ்வளவு குப்பை போடுகிறீரோ அவ்வளவு காசு. 1990 டிசம்பரில் மத்திய அரசு கழிவுகள் பற்றிய தொழில்நுட்பச் சட்டவிதியைக் கொண்டுவந்தது. உக்கக்கூடிய கழிவை இயன்றவரை வேறாக்க வேண்டும் என்றது அது. 1993 இல் சூரிச் நகரம் "சூரி-சக்" என்ற கட்டணப் பையைக் கொண்டுவந்தது. அந்த வருடம் சூரிச்சில் இருந்த பழைய ஆட்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கும். சாதாரணப் பையில் கட்டி வைத்தால் எடுக்கமாட்டார்கள். காருக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊரில் போட்டுவிட்டு வந்த ஆட்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரரும் செய்தார்கள், நம்மவரும் செய்தார்கள். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் ஒரு கணக்குப் பிடிபட்டது. மரக்கறித் தோலையும் புல்லையும் வேறாகப் போட்டால் காசுப் பை கெதியில் நிரம்பாது. 2000 ஜனவரி 1 முதல் எரியக்கூடிய குப்பையை நிலத்தில் கொட்டிப் புதைப்பதற்கே நாடு முழுக்கத் தடை வந்தது. ஒன்றில் எரி, அல்லது வேறாக்கி உபயோகி.

இந்தக் காலத்தில்தான் வால்ட்டர் ஷ்மிட் என்பவர் வருகிறார். இவர் விஞ்ஞானி இல்லை, சூரிச்சுக்குப் பக்கத்தில் கட்டட வேலை செய்விக்கும் தொழிலதிபர். 1980களின் கடைசியில் வீட்டுக் குசினிக் கழிவை வைத்துத் தன் வீட்டு பல்கனியிலேயே வாயு எடுத்துப் பார்த்தார் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. அதிலிருந்து "கொம்போகாஸ்" என்ற முறை பிறந்தது. முதல் ஆலை 1990களின் தொடக்கத்தில் றும்லாங்கில் வேலையைத் தொடங்கியது. றும்லாங் எங்கே என்று கேட்டால், குளோட்டன் விமான நிலையத்தின் ஓடுபாதைக்குப் பக்கத்து ஊர். எங்களில் எத்தனை பேர் தலைக்கு மேலே பறந்து வந்து இறங்கினோம், கீழே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்!

அந்த முறையில் தண்ணீர் அதிகம் சேர்ப்பதில்லை. கழிவை அரைத்து, படுக்கை வசத்தில் கிடக்கும் ஒரு பெரிய உருளைக்குள் ஒரு பக்கத்தால் தள்ளுவார்கள். உள்ளே ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் சூடு. ஒரு துடுப்பு மிக மெதுவாகச் சுற்றும். ஏறத்தாழ இரண்டு கிழமையில் கழிவு மற்றப் பக்கத்தால் வெளியே வரும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமியும் களைவிதையும் செத்துப்போகும். வெளியே வருவதைப் பிழிந்தால் கட்டியானது உரம், தண்ணியானது திரவ உரம், இரண்டும் கமத்துக்குப் போகும். ஒரு தொன் கழிவிலிருந்து சுமார் 100 கனமீற்றர் வாயு கிடைக்கும். அதில் பாதிக்குச் சற்று மேலே மீதேன். ஒரு கனமீற்றர் மீதேனின் சக்தி ஒரு லீற்றர் பெற்றோலைவிடக் கொஞ்சம் கூட. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ மரக்கறித் தோலில் ஒரு சின்னக் கார் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் ஓடும்.

அதே 1992ஆம் ஆண்டை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருந்தது? 1990 இல் மின்சாரம் போய்விட்டது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. சனம் ஜாம் போத்தலுக்குள் சின்னப் போத்தல் வைத்துத் திரி போட்டு விளக்கு எரித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது. இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டியது. எங்கள் சனத்துக்குக் கெட்டித்தனம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆகவே, ஊரில் இதைச் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் அறிவு இல்லாமை என்ற கதையை முதலில் தள்ளிவைப்போம்.

எங்கள் ஆட்களுக்கும் இந்தக் கதைக்கும் இன்னொரு தொடர்பு இருக்கிறது. அது குசினியில். அகதியாக வந்த புதிதில் எங்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் உணவகங்களில் கோப்பை கழுவுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஆட்கள் பாதி சாப்பிட்டுவிட்டு அனுப்பும் கோப்பைகளை மெசினுக்குள் அடுக்க முன், மிச்சத்தைக் கையால் வழித்து ஒரு பீப்பாவுக்குள் போட வேண்டும். அதற்குள் பல்லுக்குத்தும் குச்சி, கடதாசித் துடைப்பான், கண்ணாடித் துண்டு ஒன்றும் போகக்கூடாது. ஏனென்றால் அது பன்றிக்குப் போகிற சாப்பாடு. கமக்காரர் வந்து நிரம்பிய பீப்பாவை எடுத்துக்கொண்டு, கழுவிய பீப்பாவை வைத்துவிட்டுப் போவார். பிறகு அதை அவித்துப் பன்றிக்குக் கொடுப்பார்கள்.

2001 இல் இங்கிலாந்தில் கால்வாய் நோய் பரவி 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டி வந்தது. சரியாக அவிக்காத உணவுக் கழிவைப் பன்றிக்குக் கொடுத்த ஒரு பண்ணையில் தொடங்கியது அது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் உணவகக் கழிவைப் பன்றிக்குக் கொடுப்பதைத் தடைசெய்தது. சுவிசில் 2011 ஜூலை 1 முதல் முழுத் தடை. பன்றி தின்றதையெல்லாம் இனி யார் தின்பது? அந்தப் பீப்பாக்களில் பெரும்பகுதி வாயு ஆலைகளின் பக்கம் திரும்பியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆலை அந்தக் கழிவை வாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அது ஏற்கனவே துப்பரவாகப் பிரித்த கழிவாக இருந்ததுதான். அதைப் பிரித்த கைகளில் எங்கள் கைகளும் இருந்தன. சுவிஸ் உயிரிவாயுவின் சரித்திரத்தை எழுதுபவர்கள் வால்ட்டர் ஷ்மிட்டை எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். கோப்பை கழுவியவர்களை எழுதமாட்டார்கள். அதற்காக நான் எழுதி வைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். இங்கே முதலாளி சொன்னால் அடுத்தவன் எச்சிலையும் கையால் வழித்தோம். ஊரில் அதே கை தன் வீட்டுக் குப்பையைத் தொடுமா? யாழ்ப்பாணத்தில் நகர சுத்தித் தொழிலாளர்கள் என்று இருந்தவர்கள் பெரும்பாலும் பிரித்தானியர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அவர்களை நாங்கள் எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், எந்தப் பாத்திரத்தில் தண்ணி கொடுத்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். குப்பை என்பது எங்களுக்கு ஒரு பொருளாக இருக்கவில்லை, அது ஒரு சாதிக்குரிய வேலையாக இருந்தது. படலைக்கு வெளியே எறிந்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது. வீட்டுக்காரர் தன் கையால் தன் குப்பையைப் பிரிக்காத ஊரில், எந்த நாட்டு மெசினைக் கொண்டுபோய் வைத்தாலும் அதன் வாய்க்குள் பிளாஸ்ரிக்தான் போகும்.

இங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். கொம்போகாஸ் நிறுவனம் பின்னர் அக்ஸ்போ என்ற மின்சார நிறுவனத்தின் கைக்குப் போனது. 2014 இல் அதன் ஆலை கட்டும் பிரிவை ஹிட்டாச்சி சோசென் இனோவா வாங்கியது. சூரிச் நகரம் 2013 இல் வேர்ட்ஹோல்ஸ்லியில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்த்துத் தனது ஆலையைத் திறந்தது. வீடுகளின் பச்சைத் தொட்டிகளில் சேரும் கழிவு அங்கே போகிறது. வருகிற வாயுவைச் சுத்தமாக்கி நகரத்தின் எரிவாயுக் குழாய்களுக்குள் விடுகிறார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கும் இன்றுவரை பெரிய எதிரி ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பைதான். உரத்தோடு சேர்ந்து வயலுக்குப் போனால் அதை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. அதனால் உரத்தின் உலர் நிறையில் பிளாஸ்ரிக்கும் அலுமினியத் தாளும் 0.1 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆயிரத்தில் ஒன்று! அதற்காகத்தான் பல நகரசபைகள் குப்பை பிரிப்பது பற்றிய துண்டுப்பிரசுரங்களைத் தமிழிலும் அடித்துக் கொடுக்கின்றன. எங்கள் மொழியில் இந்த நாட்டு அரசாங்கம் எங்களோடு பேசிய முதல் விடயங்களில் ஒன்று குப்பை என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. உன்னுடைய கையும் இதற்குத் தேவை என்று சொல்லும் கடிதம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவிசில் வருடத்துக்கு 28 இலட்சம் தொன் உணவு வீணாகிறது என்று மத்திய சுற்றுச்சூழல் அலுவலகம் 2019 இல் கணக்குச் சொன்னது. ஆளுக்கு 330 கிலோ. வாயு எடுக்கிறோம்தானே என்று நல்ல சாப்பாட்டை எறிய அது அனுமதி இல்லை. ஒரு பாணைச் செய்யச் செலவான சக்தியில் சின்னத் துண்டுதான் வாயுவாகத் திரும்பி வரும். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே எங்கள் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் கடைசியாகக் குப்பைக்குப் போகும் புரியாணிச் சட்டிகளைப் பார்க்கும்போது, விளக்கத்தான் வேண்டுமோ என்று தோன்றுகிறது.

இனி மெசின் கதைக்கு வருவோம். இந்தியாவில் லக்னோ நகரத்தில் 2003 இல் நகரக் குப்பையிலிருந்து 5 மெகாவாற் மின்சாரம் எடுக்க ஒரு ஆலை கட்டினார்கள். மெசினில் குறையில்லை. வந்த குப்பை பிரிக்காத குப்பை. மண்ணும் கல்லும் பிளாஸ்ரிக்கும் கலந்து வந்ததால் ஆலை தேவையான தீனி கிடைக்காமல் மூடப்பட்டது. அதே இந்தியாவில் இந்தோர் நகரம் முதலில் வீட்டு வாசலில் குப்பை பிரிப்பதைப் பல வருடம் பழக்கியது. அதன் பிறகுதான், 2022 பெப்ரவரியில், ஒரு நாளைக்கு 550 தொன் ஈரக்கழிவைக் கையாளும் ஆலையைத் திறந்தது. அந்த வாயுவில் நகர பஸ்கள் ஓடுகின்றன. ஒரே நாடு, ஒரே மாதிரியான சாப்பாடு. வித்தியாசம் வாசலில்.

பிரிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்பைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப் பிறப்பு அன்று மீத்தொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடி 32 பேர் செத்தார்கள். ஈரமும் காய்ந்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டி மலையாக்கிய குப்பை அது. செத்தவர்கள் அந்த மலையை உண்டாக்கியவர்கள் இல்லை, அதற்குக் கீழே வாழ வேண்டி வந்த ஏழைச் சனம். குப்பையைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பினால், அந்த இடத்திலும் யாரோ இருக்கிறார்கள்.

ஆகவே ஊருக்கு ஏதாவது செய்ய விரும்பும் ஆட்களுக்கு என்னுடைய அபிப்பிராயம் இது. மெசினில் தொடங்க வேண்டாம். சந்தையில் தொடங்குங்கள். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் மருதனார்மடத்திலும் சேரும் வாழைத்தண்டு, கோவா இலை, அழுகிய தக்காளி எல்லாம் ஏற்கனவே ஒரே இடத்தில் கிடக்கும் கழிவு. அதற்குள் பிளாஸ்ரிக் போகாமல் பார்த்துக்கொள்வது ஆயிரம் வீட்டைப் பழக்குவதைவிடச் சுகம். அதில் ஒரு சின்னத் தொட்டி ஒழுங்காக ஓடட்டும். அதே நேரத்தில் பள்ளிக்கூடங்களில் இரண்டு வாளி வையுங்கள், ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கையுறையும் ஒழுங்கான சம்பளமும் மரியாதையும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது நடக்காமல் மிச்சம் ஒன்றும் நடக்காது.

சுவிசுக்கு 1975 இலிருந்து 2013 வரை, 38 வருடம் எடுத்தது. பார்த்துப் படித்தவர்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஆனால் முதல் வாளியை வைக்க ஒரு கொள்கலன் மெசினும் தேவையில்லை, வெளிநாட்டுக் காசும் தேவையில்லை. எங்கள் வீட்டுக் கழிவு எங்களுடையது என்ற நினைப்புத்தான் வேண்டும்.